இரண்டு கையெழுத்து குறைகிறது

செத்துப்போன ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். ஊரெல்லாம் இதே பேச்சு.

முந்தின நாள் மாலை அந்த வீடியோ வெளியானது. மறுநாள் காலை எட்டு மணிக்குள் பிஷ்கெக் நகரத்தில் அதைப் பார்க்காத ஆளே இல்லை. தனியார் துப்பறிவாளர் டூலோத் மட்டும் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. ஜனாதிபதி தேர்தலில் சுயேச்சையாக நிற்கத் துணிந்த உம்சுனாயின் பிரச்சார அலுவலகத்தில், ஆறிப்போன தேநீர்க் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்பதாவது தடவையாக ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

"பைக்கே, இன்னொரு தடவ பாத்தா அந்த ஏழு பேருக்கும் நாமதான் திதி குடுக்க வேண்டியிருக்கும்," என்றாள் ஜிப்பார்.

ஜிப்பார் அவருடைய உதவியாளர், டிரைவர், வாய். பதினொரு வருஷம் டிராலி பஸ் ஓட்டியவள். நகரத்தில் டிராலி பஸ்ஸையே ஒழித்துக் கட்டிய பிறகு டூலோத்திடம் வந்து சேர்ந்தாள். அண்ணன் முறை வைத்து 'பைக்கே' என்று கூப்பிடுவாள். அவள் காட்டும் மரியாதை அந்த ஒரு வார்த்தையோடு சரி.

டூலோத் சட்டைப் பையிலிருந்து ஒரு உப்புத் தயிர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"கணக்கு ரொம்ப சுலபம் சார்," என்றான் எதிரே நின்ற மெலிஸ். வேட்பாளரின் தம்பி. நாற்பத்தைந்து வயது. அலுவலகத்தின் மொத்தப் பொறுப்பும் அவனுடையது. இரண்டு நாளாகத் தூங்காத முகம். "சுயேச்சையா நிக்கறவங்களுக்கு முப்பதாயிரம் கையெழுத்து வேணும். நாங்க குடுத்ததுல மை பரவினது, எழுத்து சரியில்லாததுன்னு கழிச்சதெல்லாம் போக, முப்பதாயிரத்து அஞ்சு நின்னுச்சு. இப்ப ஏழு பேர் செத்தவங்கன்னு புகார். ஏழு போனா..."

"ரெண்டு குறையுது," என்றாள் ஜிப்பார். "அந்த ஏழு பேர்ல ரெண்டு பேர் எழுந்து வந்தா போதும்."

"அதத்தான் பதிவு அதிகாரியும் சொன்னாங்க. ஆளக் கூட்டிட்டு வாங்க, பாஸ்போர்ட்டோட. இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம்."

"மலைக் கிராமத்துல செத்தவங்க பேர் பதிவேட்டுல ஏறவே வருஷமாகும். அதனால பதிவேட்டப் பாத்தும் புண்ணியமில்ல. நல்லாத்தான் யோசிச்சிருக்கான்," என்றார் டூலோத். அன்று காலை அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

மேஜைமேல் இருந்த போன் அதிர்ந்தது. மெலிஸ் ஸ்பீக்கரில் போட்டான். முதலில் காற்றின் இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல்.

"டூலோத் பைக்கேயா? நான் உம்சுனாய். கணவாய்க்குக் கீழ நிக்கறேன். இதுக்கு மேல சிக்னல் கிடையாது, சுருக்கமாச் சொல்லிடறேன். தெரெக்-சூ கிராமத்துல அந்த ஏழு பேர்கிட்டயும் நான்தான் கையெழுத்து வாங்கினேன். பெய்ஷேன் பெரியவர் குதிரைப்பால் குமிஸ் ஊத்திக் குடுத்தார். இன்னும் நாக்கு புளிக்குது. செத்தவர் ஊத்தினா அவ்வளவு புளிக்காது."

"எஜே, ரோடு மூடியிருக்குன்னு ரேடியோவில சொன்னாங்களே?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள் ஜிப்பார்.

"மூடித்தான் இருக்கு. பதினாறு வருஷம் இந்த ரோட்ட மூடறதும் தொறக்கறதும்தானே என் வேலை. பழைய பசங்க பனி வாருற வண்டியோட வந்து நிக்கறாங்க. லீவு போட்டுட்டு வந்திருக்காங்களாம். பொண்டாட்டிகிட்ட மீன் புடிக்கப் போறோம்னு சொன்னாங்களாம், பனியில!"

மெலிஸ் போனுக்கு நேராகக் குனிந்தான். "எஜே, திரும்பி வந்துடு. ஒரு தேர்தல்தானே. போனா போகட்டும்."

"மெலிஸ், சாப்பிட்டியா?"

"...இல்ல."

"மொதல்ல சாப்பிடு. வெறும் வயித்துல பயந்தா ரெண்டு மடங்கு பயமாத் தெரியும்." காற்று ஒரு தடவை குரலை அடித்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வந்தது. "பைக்கே, உயிரோட இருக்கறவங்கள நான் கூட்டிட்டு வரேன். அவங்களக் கொன்னவன நீங்க கண்டுபிடிங்க. ஆறு மணிக்குத் தேர்தல் அலுவலக வாசல்ல பாக்கலாம்."

போன் அணைந்தது.

"இந்தம்மாவுக்கே ஓட்டுப் போடலாம்னு தோணுது. என்கிட்ட யாரும் கேக்கத்தான் இல்ல," என்றாள் ஜிப்பார்.

டூலோத் போனை அவள் பக்கம் திருப்பினார். "பாரு. என்ன தெரியுதுன்னு சொல்லு."

மறுபடியும் வீடியோ. பனி மூடிய ஒரு கல்லறை. பளபளக்கும் கறுப்புக் கல். அதில் வெள்ளைத் தொப்பி வைத்த கிழவர் ஒருவரின் முகமும் மார்பும் பொறிக்கப்பட்டிருந்தன. கனத்த குரல் ஒன்று படித்தது: 'இவர் பெய்ஷேன். போன வருஷம் மார்ச் மாதம் காலமானார். போன மாதம் உம்சுனாய்க்குக் கையெழுத்துப் போட்டார். எங்கிருந்து வந்து போட்டார்?' அடுத்த கல். அடுத்த முகம். அதே கேள்வி.

"நிறுத்துங்க," என்றாள் ஜிப்பார். "அந்த மூணாவது கல்லு. மேல உக்காந்திருக்கறது குருவிதானே?"

"குருவிதான்."

"அது என்ன பண்ணுது?"

"நீயே சொல்லு."

"பனியக் கொத்தித் தின்னுது. எங்கம்மா சத்தியமா, பனியத் தின்னு வயித்த ரொப்பற குருவிய இப்பதான் பாக்கறேன். அது பனியே இல்ல பைக்கே. ரவை!"

டூலோத்தின் கன்னத்தில் தயிர் உருண்டை இடம் மாறியது. அவர் சிரித்தால் அப்படித்தான் தெரியும். "இன்னும் பாரு."

பெய்ஷேன் கிழவரின் படத்தை அவள் விரல்களால் பெரிதாக்கினாள். மார்பில் வட்டமாக ஏதோ ஒன்று, மேலே சின்ன நாடா. "பதக்கம் குத்தியிருக்காரு. போருக்குப் போனவரா?"

"ஆடு மேய்க்கறவரு," என்றான் மெலிஸ்.

டூலோத் மேஜை இழுப்பறையிலிருந்து பிரச்சார பேட்ஜ் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். வட்டம். உள்ளே இரண்டு சிகரம், நடுவே ஒரு கோடு. ஜிப்பார் பேட்ஜையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடப்பாவி! நாடாவ மட்டும் கல் செதுக்கறவன் சொந்தமாச் சேத்திருக்கான்! இந்த பேட்ஜ் எப்ப வந்துச்சு?"

"மூணு வாரம் முன்னாடி," மெலிஸின் குரல் கம்மியிருந்தது. "தெரெக்-சூவுக்குக் கிளம்பின அன்னிக்குக் காலையிலதான் அச்சகத்துலேருந்து வந்தது."

"போன வருஷம் செத்தவரு, மூணு வாரம் முன்னாடி வந்த பேட்ஜக் குத்திக்கிட்டுப் புதைஞ்சிருக்காரு. சரியான முன்யோசனை!"

"வீடியோவில அது பட்டாணி அளவு," என்றார் டூலோத். "அவங்க வக்கீல் அத அழுக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவான். எனக்குக் கல்லே வேணும். கல்லு எங்க இருக்கு?"

ஜிப்பார் ஏழாவது கல்லில் வீடியோவை நிறுத்தினாள். பொறிக்காத கறுப்பு ஓரம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதில் வானத்தின் ஒரு துண்டு. அந்த வானத்தில் கூர்மூக்கோடு ஏதோ வெள்ளியாக எழும்பி நின்றது. பதினொரு வருஷம் பின்பக்கத்து உலகத்தைக் கண்ணாடியிலேயே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

"விமானம். பீடத்து மேல நிக்கற பழைய போர் விமானம். டோக்மோக் ஊருக்குள்ள நுழையற இடத்துல நிக்குமே, அது! பைக்கே, இது மலையிலயே எடுக்கல. டோக்மோக்ல ரோட்டோரமா எடுத்திருக்காங்க."

"கார எடு," என்றார் டூலோத்.

ஆனால் எழுந்தவர் உடனே வாசலுக்குப் போகவில்லை. அலுவலகத்தின் நீளச் சுவரில் கையெழுத்துப் போட்டவர்களின் படங்களை ஒட்டியிருந்தார்கள். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய முகங்கள், நானூறுக்கு மேல் இருக்கும். அவர் அதற்கு முன்னால் போய் நின்று, பெய்ஷேனைத் தேடிக் கண்டுபிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதெல்லாம் யார் எடுத்தது?"

"வேற வேற ஆளுங்க எடுத்தது," என்றான் மெலிஸ். "நான்தான் அளவா வெட்டி ஒட்டினேன்."

"நல்லா வெட்டியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு டூலோத் வெளியே போனார்.

டோக்மோக் ஒரு மணி நேரப் பயணம். வலது பக்க ஸ்டியரிங் வைத்த பழைய ஜப்பான் காரை ஜிப்பார் டிராலி பஸ் மாதிரியே ஓட்டினாள். யாருக்கும் வழி விடவில்லை. வழியில் வாங்கிய இறைச்சி சம்சாவில் ஒன்றை டூலோத் மடியில் போட்டாள்.

"பைக்கே, ஒண்ணு கேக்கறேன். பனி வாருற வேலையில இருந்த ஒரு பொம்பள, கட்சி இல்ல, காசு இல்ல, ஆள் பலம் இல்ல. அவங்களத் தள்ளறதுக்கு ஏழு கல்லு செதுக்கணுமா? எதுக்கு இவ்வளவு பயம்?"

"மூணு வருஷம் முன்னாடி கணவாய்ல ஒரு அமைச்சரோட வண்டிய நிறுத்தினாங்களே, ஞாபகம் இருக்கா?"

"யாருக்கு இல்ல? கைய நீட்டி நடுரோட்டுல நின்னாங்க. பனி சரியப் போகுது, போகாதீங்கன்னாங்க. அவரு கத்தினாரு. நாப்பது நிமிஷத்துல அவரு போக இருந்த எடத்துல மலையே இறங்கிச்சு."

"உயிரக் காப்பாத்தினதுக்கு என்ன கெடச்சது?"

"வேலையிலேருந்து தூக்கினாங்க. பெரிய மனுஷன அவமானப்படுத்திட்டாங்களாம்."

"அந்தப் பெரிய மனுஷன்தான் இந்தத் தேர்தல்ல ஜெயிக்கப் போறவர்னு எல்லாரும் சொல்றாங்க. உம்சுனாய் மேடை ஏறினா அவரப் பத்தி ஒரு வார்த்த பேச வேண்டாம். வெறுமனே கைய நீட்டினா போதும். கூட்டம் சிரிச்சிடும். காசுள்ளவன்கூடப் போட்டி போடலாம். சிரிப்போட என்ன போட்டி போடறது?"

ஜிப்பார் வேகத்தை இன்னும் கூட்டினாள்.

விமானத்துக்கு நேர் எதிரே கல் செதுக்கும் பட்டறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முற்றத்தில் மாவு மாதிரி கல்தூசி. கோழிகள் தரையில் சிந்திக் கிடந்த கடைசி ரவையைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. சுவரோரம் ஏழு கறுப்புக் கற்கள் சாத்தியிருந்தன. வந்தவர்களைப் பார்த்ததும் பட்டறைக்காரர் இஸ்ஹார், டுங்கான் இனத்துக் குட்டை மனிதர், காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். ஆயுதம் மாதிரி.

"கல்லறைக் கல்லு வேணுமா?"

"எனக்கு இப்ப அவசரமில்ல. இவர வேணா கேளுங்க," என்று ஜிப்பார் டூலோத்தைக் காட்டினாள்.

டூலோத் கற்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "வேலை அருமை. மீசையில ஒவ்வொரு முடியும் தெரியுது. இந்தப் பதக்கம்?"

இஸ்ஹாரின் முகம் மலர்ந்தது. "படத்துல வட்டம் மட்டும்தாங்க இருந்தது. நாடா இல்லாம என்ன பதக்கம்? கையாலயே போட்டேன்."

"இவங்க யாரும் சாகல, தெரியுமா?"

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. இஸ்ஹார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து ராத்திரிதாங்க வீடியோவப் பாத்தேன். அப்பவே சந்தேகம். படம் எடுக்க வந்த கேமராக்காரங்க ரவையத் தூவினப்ப சினிமாவுக்குன்னு சொன்னாங்க. எடுத்து முடிச்சதும் உடைச்சுப் போட்டுடுன்னாங்க. நான் உடைக்கல. பேரும் மொகமும் செதுக்கின கல்ல எப்படிங்க உடைக்கறது?"

"ஆர்டர் குடுத்தது யாரு?"

"ஒருத்தர். ஒல்லியா இருப்பார். படங்களைக் குடுக்கும்போதே கண்ணு கலங்கியிருந்தது. ஏழு பேரும் சொந்தமான்னு கேட்டேன். ஆமான்னார். கஷ்டமாப் போச்சு, ரெண்டு கிண்ணம் டீ குடுத்தேன்."

டூலோத் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். பிரச்சாரக் குழு மொத்தமும் நின்று எடுத்துக்கொண்ட படம். இஸ்ஹாரின் தூசி படிந்த விரல் ஒரு முகத்தின் மேல் போய் நின்றது.

ஜிப்பார் எட்டிப் பார்த்தாள். மெலிஸ்.

"இல்ல," என்றாள். "இருக்காது. சொந்தத் தம்பி பைக்கே."

"சொவத்துல இருக்கற படமெல்லாம் கழுத்தோட வெட்டியிருக்கு. கல்லுல மார்பு தெரியுது, பேட்ஜ் தெரியுது. வெட்டாத படம் யார்கிட்ட இருக்கும்? வெட்டினவன்கிட்டதான்."

"காலையிலயே தெரியுமா?"

"சந்தேகம்தான். தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்."

"அந்த மனுஷன் போன்ல அக்காவத் திரும்பி வான்னு கெஞ்சினானே!"

"அது நடிப்பில்ல. அதான் எனக்குப் புரியல." டூலோத் எழுந்தார். முற்றத்தின் மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஒன்று நின்றுகொண்டிருந்தது. "இஸ்ஹார், அது என்ன?"

இஸ்ஹார் பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார். மூன்றாவது தடவையில்தான் செருக முடிந்தது. "அது வேற ஆளு குடுத்தது. தோல் கோட்டு போட்டவன். ரெண்டு நாள் கழிச்சு வந்தான். அதே ஆர்டர்ல இன்னும் ஒண்ணு சேத்துக்கோன்னான்."

டூலோத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். ஜிப்பாரும் பார்த்தாள். அவளுக்குப் பேச ஒன்றும் அகப்படவில்லை. அவளோடு வேலை செய்த நாலு வருஷத்தில் அப்படி ஒன்று நடந்து டூலோத் பார்த்ததில்லை.

அவர் தார்ப்பாயை மெல்ல விட்டுவிட்டு, மெலிஸுக்குப் போன் போட்டார். "கல்லக் கண்டுபிடிச்சாச்சு. டோக்மோக். ஒரு லாரி புடிச்சுட்டு நீங்களே வாங்க."

மெலிஸ் வந்து சேர்ந்தபோது மணி இரண்டேகால். லாரியிலிருந்து குதித்தவன் இஸ்ஹாரைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான். ஓடவில்லை. தூக்கம் வந்தவன் மாதிரி லாரிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டான்.

"எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டாள் ஜிப்பார்.

"காசா? ஒரு சோம்கூட வாங்கல. நான் காசுக்குப் பண்ணுவேன்னா நெனைக்கறீங்க?" அவன் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "ஒருத்தன் என் வீட்டுக்கு வந்தான். உன் அக்கா வேட்பாளர் பட்டியல்ல இருந்தா கணவாய்ல அவ கார் மேல பனி விழும், எப்பன்னு சொல்ல மாட்டோம்னான். அவளுக்குப் பயம்னா என்னன்னு தெரியாது. யாராவது ஒருத்தர் அவளுக்காகப் பயப்படணும் இல்லையா? கையெழுத்து செல்லாதுன்னு ஆயிட்டா அவ வீட்டுக்குத் திரும்பிடுவா. உயிரோட. யாரும் அவளத் தொட மாட்டோம்னு வாக்குக் குடுத்தாங்க. ஏழு கல்லு, அதோட முடிஞ்சதுன்னாங்க."

"ஏழா?" என்றார் டூலோத்.

"ஏழு."

டூலோத் மூலைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டார்.

எட்டாவது கல் மற்றவற்றைவிட ஒரு சாண் உயரம். அதில் உம்சுனாய் நின்றாள். ரோமத் தொப்பி, இறுகிய வாய், முன்னால் நீட்டிய வலது உள்ளங்கை. கீழே அவள் பெயர். பிறந்த வருஷம். ஒரு கோடு. கோட்டுக்கு அப்புறம் வெறும் கறுப்பு.

"வருஷத்த அப்புறம் சொல்றோம்னாங்க," என்றார் இஸ்ஹார் தரையைப் பார்த்துக்கொண்டே. "தேர்தல் முடிஞ்சாலும் முடியாட்டியும் இந்தக் குளிர்காலத்துக்குள்ள சொல்லிடுவோம்னாங்க."

மெலிஸ் கல்லை நெருங்கினான். அக்காவின் நீட்டிய உள்ளங்கையின் மேல் தன் உள்ளங்கையை வைத்தான். கல்லின் குளிர் சுட்டதுபோலச் சட்டென்று எடுத்துக்கொண்டான். பிறகு முற்றத்துத் தூசியில் மண்டி போட்டு உட்கார்ந்து, சத்தமில்லாமல், தோள்கள் மட்டும் குலுங்க அழுதான். கோழிகள் விலகிப் போயின.

ஜிப்பாருக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, எழுப்பிவிட வேண்டும் போலவும் இருந்தது. எழுப்பிவிட்டாள்.

"அழுகைய லாரியில வச்சுக்கலாம். எட்டுக் கல்லு ஏத்தணும். டைம் இல்ல."

"எட்டாவதுமா?" என்றார் இஸ்ஹார்.

"அதத்தான் மொதல்ல," என்றார் டூலோத். "அந்தத் தோல் கோட்டுக்காரன் குடுத்த படம் இருக்கா?"

இருந்தது. டூலோத் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் கார் ஜன்னலின் சட்டம். கீழே காரின் முன்மூக்கில் ஒரு குட்டிக் கொடி. எந்தக் காருக்குள்ளிருந்து, எந்த நாளில் எடுத்தது என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. படத்தைச் சட்டைப் பையில் தயிர் உருண்டைகளோடு வைத்துக்கொண்டார்.

ஜிப்பார் காரை அங்கேயே விட்டுவிட்டு லாரியின் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். இஸ்ஹார் பட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு லாரியில் ஏறினார். "நானும் வரேன். என் கையால பொய் எழுத வச்சிட்டானுங்க. இருபத்தாறு வருஷத்துல ஒரு தேதி தப்பா எழுதினதில்ல நான்."

தேர்தல் அலுவலகத்துக்கு முன்னால் அவர்கள் வந்து நின்றபோது ஐந்து மணி பத்து. வாசலில் கூட்டம். கேமராக்கள். படியின் மேல் புகார் கொடுத்தவர்களின் வக்கீல், மெல்லிய கண்ணாடி போட்டவர், யாருக்கோ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். கற்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கியதும் பேட்டி நின்றது.

"இது என்ன கூத்து? கல்லறையத் தோண்டி எடுத்துட்டு வந்துட்டாங்களா?" என்று வக்கீல் கத்தினார்.

"தோண்ட மண்ணே இல்லீங்க. கோழிங்க நடுவுல நின்னுச்சு," என்றாள் ஜிப்பார். இஸ்ஹாரைக் கேமராக்களுக்கு முன்னால் தள்ளினாள். அவர் பென்சிலால் சுட்டிச் சுட்டி விளக்கினார். பதக்கம், நாடா, ரவை, குருவி. கூட்டத்தில் சிரிப்பு பரவியது.

வாசலுக்கு வந்த பதிவு அதிகாரி, நரைத்த தலைமுடியை இறுக்கிக் கட்டிய பெண்மணி, சிரிக்கவில்லை. "கல்லெல்லாம் எனக்கு வேண்டாம். எனக்கு ஆள் வேணும். மணி அஞ்சு நாப்பது."

ஐந்து நாற்பத்தைந்து. உம்சுனாயின் போனுக்கு இன்னும் லைன் கிடைக்கவில்லை. வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "வேட்பாளரையே காணோமே?" மெலிஸ் எட்டாவது கல்லுக்குப் பக்கத்தில் நின்றான். அது மட்டும் இன்னும் தார்ப்பாய்க்குள் லாரியிலேயே இருந்தது. அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஜிப்பாரும் மனசுக்குள் கணவாயின் வளைவுகளை ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டிருந்தாள். போலீஸ்காரர் ஒருவர் லாரியை நகர்த்தச் சொன்னார். "நகத்தலாமே. கியர் மட்டும் விழ மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டு அவள் லாரிச் சாவியைத் தன் பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டாள்.

ஐந்து ஐம்பத்திரண்டு. தெரு முனையில் ஆரஞ்சு விளக்கு சுழன்றது.

முன்னால் இரும்புத் தகடு பொருத்திய பனி வாரும் வண்டி, கூரையில் ஒரு முழ உயரப் பனியோடு, நகரத்தின் நடுத் தெருவில் உறுமிக்கொண்டு வந்தது. படிக்கட்டில் தொங்கியபடி உம்சுனாய். புருவத்தில் உறைந்த பனி இன்னும் உருகவில்லை. வண்டி நிற்பதற்குள் குதித்தாள்.

"அஞ்சு பேர்!" என்று கத்தினாள். "மத்த ரெண்டு பேரும் ஆட்ட விட்டுட்டு வர மாட்டேன்னுட்டாங்க. செத்தவங்களுக்கு எவ்வளவு பொறுப்பு பாருங்க!"

பின்னாலிருந்து ஐந்து மலைக்காரர்கள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இறங்கினார்கள். எல்லாரிலும் மூத்தவர், எண்பதை நெருங்கும் பெய்ஷேன், நேராகத் தன் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். கூட்டம் மூச்சை அடக்கியது. கிழவர் கல்லை மேலும் கீழும் பார்த்தார்.

"மீசை நல்லா வந்திருக்கு," என்றார்.

"இவர் அவர் இல்ல! சாயல் ஒத்துப்போற யாரையோ கூட்டிட்டு வந்திருக்காங்க!" என்றார் வக்கீல்.

பெய்ஷேன் கோட்டுக்குள் கைவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். பிறகு வக்கீலைப் பார்த்து, "தம்பி, நான் செத்துட்டேன்னா என் கையெழுத்து செல்லாது, சரி. அப்ப என் பொண்டாட்டிகிட்ட இன்னிக்குக் காலையில திட்டு வாங்கினவன் யாரு? அவன எனக்குக் காட்டு. பாவம், அவனுக்கு ஆறுதல் சொல்லணும்."

சிரிப்பு தெருவை நிறைத்தது. அதிகாரி ஐந்து பாஸ்போர்ட்டையும் ஐந்து முகத்தையும் நிதானமாகப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஐம்பத்தெட்டு.

"முப்பதாயிரத்து மூணு," என்றார். "ஏத்துக்கறேன். வேட்பாளர் பேர் பட்டியல்ல இருக்கும்."

கூச்சல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அது அடங்கும்போது மெலிஸ் லாரி மேல் ஏறி நின்றிருந்தான். "எஜே," என்றான். குரல் எழும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். கேமராக்கள் திரும்பின. அவன் எதையும் மறைக்கவில்லை. யார் வந்தது, என்ன சொன்னது, தான் என்ன செய்தது, எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்துத் தார்ப்பாயை நீக்கினான். டூலோத் தன் பையிலிருந்த படத்தைக் கேமராக்களுக்கு முன்னால் உயர்த்திப் பிடித்தார். "கார் ஜன்னலப் பாருங்க. கொடியப் பாருங்க. அப்புறம் உங்களுக்கே தெரியும்." வக்கீலைத் தேடினால் படியில் ஆளில்லை.

உம்சுனாய் தன் முகத்தையும் தன் பெயரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கோட்டையும், அதற்கு அப்புறம் இருந்த வெறுமையையும். ஜிப்பார் அவளுக்கு மிக அருகில் நின்றதால், தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது தெரிந்தது. பயப்படத் தெரியாதவள் என்று மெலிஸ் சொன்னது தப்பு என்று அப்போது புரிந்தது.

"கல்லு நல்ல கல்லு," என்றாள் உம்சுனாய் கடைசியில். இஸ்ஹாரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க செஞ்சதா? கை அப்படியே வந்திருக்கு."

"எஜே, என்னை அடி. என்னவாவது சொல்லு," என்றான் மெலிஸ்.

"வீட்டுல பேசிக்கலாம். ரொம்பப் பேச வேண்டியிருக்கு, நீ அழுவ, நானும் அழுவேன்." அவள் லாரியில் ஏறிக் கல்லின் ஒரு முனையைப் பிடித்தாள். "இப்ப அந்தப் பக்கத்தப் பிடி. படுக்க வைக்காத, நிமித்து. ஜிப்பார், இந்த லாரிய நாளைக்கும் ஓட்டுவியா?"

"எங்க எஜே?"

"நாரின்ல என் மொதல் கூட்டம். மேடைக்குப் பின்னாடி பேனர் வைக்க வசதி இல்லாம இருந்தோம். இனிமே போற ஊர்ல எல்லாம் இதத்தான் நிறுத்தப் போறேன்."

மெலிஸ் மறு முனையைப் பிடித்தான். இருவருமாகக் கல்லை நிமிர்த்தினார்கள். ஜிப்பார் பூட்ஸைக் கழற்றிச் சாவியை எடுத்தாள்.